உப்புக்காற்றில் இரும்பு: அரிவாள், கத்தி, துப்பாக்கியைத் துருவிலிருந்து காக்க முழுமையான வழிகாட்டி

நல்ல பட்டறையில் அடித்த வெட்டரிவாள் ஒழுங்காகப் பேணினால் அப்பாவிடமிருந்து மகனுக்குக் கைமாறும். அதே அரிவாளை ஐப்பசி அடைமழையில் மட்டை வெட்டிவிட்டு, துடைக்காமல் கொட்டகைக் கூரையில் செருகி வைத்தால், கார்த்திகை பிறப்பதற்குள் முகமெல்லாம் செம்புள்ளி தட்டிவிடும். "எந்த எண்ணெய் போடலாம்?" என்று அதற்குப் பிறகுதான் கேட்கிறோம். எண்ணெய் முக்கியம்தான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இரும்பு உண்மையிலேயே காய்ந்திருக்கிறதா? அதன் மேல் உப்பு ஒட்டியிருக்கிறதா? ஈரத்தின் மேல் பூசிய எண்ணெய் ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். எண்ணெய் தடவியும் துரு பிடித்தது என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான்.

சென்னை முதல் கன்னியாகுமரி வரையிலான கடலோரத்தையும் காவிரி டெல்டாவையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் இது அப்படியே பொருந்தும். கோவை, தருமபுரி போன்ற உள்மாவட்டங்களில் வேலை கொஞ்சம் குறையும், முறை ஒன்றுதான்.

துரு எப்படிப் பிடிக்கிறது

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. நீர் என்றால் கண்ணுக்குத் தெரிகிற துளியாக இருக்க வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் போதுமான அளவு படிந்துவிடும். துருவின் வேகமும் அங்கிருந்து சட்டென்று கூடும். நம் கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த அளவுக்கு மேல்தான் நிற்கிறது.

உப்பு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண உப்பு ஈரப்பதம் 75 சதவீதம் ஆகும்போது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கரைந்துவிடும். கடற்காற்று பட்ட கத்தி பங்குனி வெயில் நாளிலும் முழுதாக உலராமல் இருப்பது இதனால்தான். துடைத்தால் துணியில் ஈரம் தெரியாது. ஆனால் உப்பு அங்கேயே இருந்து நீரை இழுத்துக்கொண்டிருக்கும்.

கடலிலிருந்து மட்டும் உப்பு வருவதில்லை. கைவியர்வையில் உப்பு இருக்கிறது. கத்தியின் மேல் பட்ட விரல்ரேகை இரண்டே நாளில் துருரேகையாக மாறுவது அதனால்தான். கடலோர ஊர்களின் போர்த் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. உரத்தில் இருப்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வயலுக்குப் போடும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. அதை அள்ளிய மண்வெட்டியைக் கழுவாமல் வைப்பதும் கடல் நீரில் நனைத்து வைப்பதும் ஒன்றுதான்.

செந்துரு தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் பொருக்காக மேலெழும்பி, நுண்துளைகளில் ஈரத்தைத் தேக்கி, அடியில் இருக்கும் இரும்பைத் தொடர்ந்து தின்னும். செம்புள்ளியை விட்டுவைத்து மேலே எண்ணெய் பூசினால் பயனில்லை. கறுப்புப் படலம் வேறு வகை. பழைய அரிவாள்மனையின் கறுப்பு, துப்பாக்கிக் குழாயின் நீலக்கறுப்பு எல்லாம் இரும்போடு இறுகப் பற்றி நிற்பவை, ஓரளவு காப்பும் தருபவை. அவற்றைச் சுரண்டிப் பளபளப்பாக்காதீர்கள். டெல்லி இரும்புத் தூண் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது காப்புப் படலம் உருவாக உதவியது. டெல்லிக் காற்றும் நம் கடலோரக் காற்றைவிட வறண்டது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

பனிப்பு என்னும் மறைமுக எதிரி

வெளியே 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்த உலோகத்தின் மேலும் நீர் படியும். ஏசி அறையில் 24 டிகிரியில் இருந்த கத்தியையோ துப்பாக்கியையோ வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் வியர்த்துவிடும். ஊட்டி, கொடைக்கானலிலிருந்து கீழே இறங்கும் வண்டியிலும் இதேதான் நடக்கும். பெட்டியைத் திறக்காமல் ஒன்றிரண்டு மணி நேரம் வெளிக்காற்றின் சூட்டுக்கு வர விட்டுப் பிறகு திறங்கள். அப்படியும் பனித்தால் துடைத்து, காயவைத்து, மறுபடி எண்ணெய் தொடுங்கள்.

எந்த எஃகு, எவ்வளவு கவனம்

பட்டறைக் கொல்லர்கள் அரிவாளுக்கும் கோடாலிக்கும் பெரும்பாலும் வண்டிப் பட்டை எஃகைத்தான் பயன்படுத்துகிறார்கள். முனை நன்றாக நிற்கும், துருவும் எளிதில் பிடிக்கும். மண்வெட்டி, கடப்பாரை, உளி எல்லாம் இதே வகையில் அடங்கும். எவர்சில்வர் கத்தியில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும். அது மேலே கண்ணுக்குத் தெரியாத காப்புப் படலம் கட்டும். உப்பு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைக்கும். மீன் வெட்டிய எவர்சில்வர் கத்தியில் கரும்புள்ளிக் குழிகள் விழுவது அப்படித்தான். துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் அதைக் கழுவாமல் வைக்க வேண்டாம். துத்தநாகப் பூச்சுள்ள வாளி, ஆணி, கம்பிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் காப்பே போய்விடும்.

கையில் இருக்க வேண்டியவை

பனியன் வேஸ்ட் அரைக் கிலோ. பழைய பல் துலக்கும் பிரஷ் இரண்டு. பித்தளைக் கம்பி பிரஷ் ஒன்று. 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பர் தலா இரண்டு தாள். நான்கு சைபர் எனப்படும் மிக மெல்லிய ஸ்டீல் வூல். மண்ணெண்ணெய் அரை லிட்டர், அது கிடைக்காவிட்டால் டர்பன்டைன். தையல் மெஷின் எண்ணெய் 100 மில்லி. மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பாரஃபின் 100 மில்லி. தேன்மெழுகு 50 கிராம். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் 100 கிராம், சமையல் சோடா 100 கிராம். பாத்திரம் தேய்க்கும் முரட்டு ஸ்டீல் நாரை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அது கீறும், ஒவ்வொரு கீறலிலும் ஈரம் குடியேறும்.

பிடித்த துருவை எடுப்பது

மேலோட்டமான செம்பொடி என்றால் நான்கு துளி மெஷின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, மெல்லிய ஸ்டீல் வூலால் கத்தியின் நீளவாக்கில் தேய்த்தால் போதும். குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்காதீர்கள். முனையை நோக்கி விரலை இழுக்காமல், முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்கப் பழகுங்கள்.

பொருக்குத் தட்டிய துரு என்றால் சிட்ரிக் அமிலக் குளியல்தான் சரி.

1. முதலில் எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெயாலும், பிறகு சோப்புத் தண்ணீராலும் எடுங்கள். பிசுக்கு இருக்கிற இடத்தில் அமிலம் பிடிக்காது; திட்டுத்திட்டாகத்தான் சுத்தமாகும்.
2. எழும்பிய பொருக்கைக் கம்பி பிரஷால் தட்டிவிடுங்கள்.
3. பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் வீதம் சிட்ரிக் அமிலத்தைக் கரையுங்கள். இரும்பு முழுதும் மூழ்க வேண்டும். பாதி மூழ்கினால் நீர்மட்டத்தில் கோடு விழுந்து, அந்த இடம் அரிக்கும். மரக்காம்பு மூழ்கக் கூடாது.
4. அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷ் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் துருவோடு நல்ல இரும்பையும் அமிலம் தின்று, மேல்பரப்பு சொரசொரப்பாகிவிடும்.
5. ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அமிலத்தை முறியுங்கள்.
6. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி அலசி, உடனே துடைத்து, சூடு ஆறும் முன் எண்ணெய் தடவுங்கள்.

ஆறாவது படியில் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் மஞ்சள் பூத்துவிடும். அமிலத்திலிருந்து வந்த இரும்பு வெறும் உடம்போடு நிற்கிறது. அதற்குத் துரு பிடிக்கச் சற்று நேரமே போதும். தொட்டியிலிருந்து எடுக்கும் முன்பே வெந்நீர், துணி, எண்ணெய் மூன்றும் பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

சுருள்வில், ரம்பத் தகடு போன்ற கடினமான எஃகுச் சாமான்களை அமிலத்தில் போடாதீர்கள். அமிலம் வினைபுரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கும். நீலக்கறுப்புப் பூச்சுள்ள துப்பாக்கி உறுப்புகளுக்கும் அமிலம் ஆகாது. கழிவறை ஆசிட்டைக் கையிலேயே எடுக்க வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கழுவினாலும் குளோரைடு நுண்குழிகளில் தங்கி, அடுத்த வாரமே துருவைத் திரும்ப அழைக்கும். சரியாக மூடாத ஆசிட் பாட்டிலின் ஆவியே அதே அறையில் இருக்கும் இரும்புகளைச் சிவக்கவைத்துவிடும். பிளீச்சிங் பவுடரும் அப்படித்தான். கொட்டகையில் காரணம் தெரியாமல் எல்லாச் சாமானும் ஒரே நேரத்தில் துருப்பிடித்தால், முதலில் அந்தப் பாட்டிலைத் தேடுங்கள்.

கழுவுவதும் காயவைப்பதும்

இந்தப் பகுதியைச் சரியாகச் செய்தால் மற்றவை எல்லாம் எளிது.

வேலை முடிந்த உடனே மண், சாறு, இரத்தம், செதில் எல்லாவற்றையும் கழுவுங்கள். கரும்புச் சாறும் மாங்காய்ப் பாலும் காய்ந்தால் இறுகிவிடும். ஈரமாக இருக்கும்போது தண்ணீரே போதும், பிறகு மண்ணெண்ணெய் தேட வேண்டியிருக்கும். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவலாம். ஆனால் கடைசி அலசல் மழைநீரிலோ குடிக்கிற தண்ணீரிலோ இருக்க வேண்டும். ஒரு செம்புத் தண்ணீர் ஓர் அரிவாளுக்குப் போதும். உப்பு கரைந்து போக வேண்டும், நோக்கம் அவ்வளவுதான். உப்பு எண்ணெயில் கரையாது, மண்ணெண்ணெயிலும் கரையாது. கடற்கரைக்குக் கொண்டுபோன கத்தியை எண்ணெய்த் துணியால் மட்டும் துடைத்து வைப்பவர்கள் உப்பை எண்ணெயோடு சேர்த்துப் பரப்புகிறார்கள்.

காயவைக்க உச்சி வெயில் நல்லது. துணியால் துடைத்த இரும்பை வெயிலில் 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கை வைத்தால் சுடும் அளவுக்குச் சூடானால் மூட்டுகளிலும் பூணுக்கடியிலும் இருக்கும் ஈரம் வெளியேறியிருக்கும். மழை நாளில் அடுப்பு வெப்பத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் காட்டலாம். அல்லது வெந்நீர் ஊற்றி இரும்பையே சூடாக்கினால், துடைத்ததும் மிச்ச ஈரம் தானே ஆவியாகும். முனையை நெருப்பில் நேரே காட்டாதீர்கள். வெட்டுமுனையில் நீலமோ வைக்கோல் மஞ்சளோ ஏறினால் அங்கே பதம் இறங்கத் தொடங்கியிருக்கலாம். அதன் பிறகு எவ்வளவு சாணை பிடித்தாலும் முனை நிற்காது.

இளஞ்சூட்டில் எண்ணெய் தடவுங்கள். சூடான இரும்பில் எண்ணெய் இளகி நுண்குழிகளுக்குள் இறங்கும்.

எண்ணெய்: எதற்கு எது

அடுக்களைக் கத்திக்கும் அரிவாள்மனைக்கும் லிக்விட் பாரஃபின்தான் எங்கள் முதல் தேர்வு. மணமில்லை, சிக்கு வாடை அடிக்காது, உணவில் பட்டாலும் பயமில்லை. தேங்காய் எண்ணெயும் ஆகும், தினமும் புழங்கும் கத்திக்குப் போதும். பல வாரம் எடுக்காமல் வைத்தால் சிக்கெடுக்கும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் மூன்றும் காற்றில் மெல்ல இறுகிப் பிசினாகும். பிசின் தூசியைப் பிடிக்கும், தூசி ஈரத்தைப் பிடிக்கும்.

வயல் கருவிகளுக்கு விளக்கெண்ணெய் நல்லது. கெட்டியானது, இறுகாது, இரும்பை விட்டு எளிதில் வழியாது. தையல் மெஷின் எண்ணெய் மடிப்புக் கத்தியின் மூட்டு, கத்தரி, துப்பாக்கியின் உறுப்புகள் போன்ற நுட்பமான இடங்களுக்கு. மூன்று மாதத்துக்கு மேல் எடுக்காமல் வைக்கும் கடப்பாரைக்கும் கோடாலிக்கும் வண்டிக் கிரீஸை மெல்லப் பூசுங்கள்.

டபிள்யூ.டி.-40 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1953இல் அமெரிக்காவில் உருவான அது, பெயரிலேயே உள்ளபடி நீரை இடம்பெயர்க்கும் திரவம். நனைந்த இரும்பிலிருந்து நீரைத் தள்ளவும் இறுகிய மறையைத் தளர்த்தவும் மிக நல்லது. ஆனால் பெரும்பகுதி ஆவியாகி, மிச்சம் நிற்கும் படலம் மெல்லியது. மழைக்காலம் முழுக்கக் காக்கும் என்று அதை மட்டும் நம்பாதீர்கள். தெளித்துத் துடைத்த பிறகு மேலே வேறு எண்ணெய் தொடுங்கள்.

மெக்கானிக் கடைக் கழிவு ஆயில் வேண்டாம். எஞ்சினில் எரிந்த எண்ணெயில் அமிலமும் கரியும் உலோகத் துகளும் சேர்ந்திருக்கும். தோலுக்கும் கெடுதல், மண்ணுக்கும் கெடுதல், இரும்பையும் அது நன்றாகக் காப்பதில்லை.

அளவு குறைவாக இருக்கட்டும். ஓர் அரிவாளின் இரு பக்கத்துக்கும் நான்கைந்து துளி போதும். தடவிய பின் விரலால் தொட்டால் பிசுபிசுப்பு தெரிய வேண்டும், வழியக் கூடாது.

நீண்ட நாள் காப்புக்கு மெழுகுக் களிம்பு ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சிறு பாத்திரம் வைத்து, 50 கிராம் தேன்மெழுகை உருக்கி, 150 மில்லி லிக்விட் பாரஃபினை ஊற்றிக் கலக்குங்கள். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகிவிடும். நேரடி நெருப்பு வேண்டாம். ஆறினால் களிம்பாக உறையும். சூடான இரும்பில் தேய்த்துத் துணியால் மெருகேற்றினால் வெறும் எண்ணெயைவிடப் பல மடங்கு நிற்கும். காம்புக்கும் இதையே தேய்க்கலாம்.

கடுக்காய்க் கறுப்பு

அந்நாள் மை செய்யக் கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு சல்பேட்டும் சேர்த்தார்கள். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கரையாத கருநீலச் சேர்மமாகும். அதே வேதியியல் அரிவாளுக்கும் உதவும். அருங்காட்சியகங்களிலும் பழைய இரும்புப் பொருள்களுக்குத் துவர்ப்பு அமிலக் கரைசல் பூசும் வழக்கம் உண்டு.

கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 50 கிராமை இடித்து, எவர்சில்வர் அல்லது மண் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் துவர்ப்பு சட்டியோடு வினைபுரிந்து வீணாகும். பிசுக்கு நீக்கி, துருவும் எடுத்த தகட்டில் சூடான கஷாயத்தைப் பிரஷால் பூசிக் காயவிடுங்கள். முதல் பூச்சில் சாம்பல் நிறம் வரும், மூன்றாவதில் கருநீலம் பிடிக்கும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் முழுக்கக் காய வேண்டும். கடைசியில் அலசி, காயவைத்து, எண்ணெய் தடவுங்கள். எடுக்க முடியாமல் குழிகளில் தங்கிய மெல்லிய துருவையும் இந்தக் கஷாயம் கறுப்பாக மாற்றி அடக்கிவிடும். முனையைக் கடைசியில் சாணை பிடித்துக்கொள்ளுங்கள். திட்டுத்திட்டாக வந்தால் பிசுக்கு சரியாகப் போகவில்லை என்று பொருள். சோப்புப் போட்டுத் திரும்பச் செய்யுங்கள். இது துணைக் காப்புதான், எண்ணெய்க்கு மாற்றாகாது.

காம்பும் பூணும்

வெட்டும் தகடு பளபளவென்று இருக்க, காம்புக்குள் போகும் வால் மட்டும் அரித்துப் போய், ஓங்கி வெட்டும்போது அரிவாள் கழன்று பறப்பது உண்டு. இது உயிருக்கே ஆபத்து. காம்புக்கும் தகட்டுக்கும் இடையில் இடைவெளி தெரிந்தால் அதில் நீர் புகுகிறது என்று பொருள். காம்பைக் கழற்றி, வாலைச் சுத்தம் செய்து, காயவைத்து, அரக்கை உருக்கி ஊற்றி மறுபடி இறக்க வேண்டும். அரக்கு இல்லாவிட்டால் எப்பாக்ஸி பசை ஆகும். வால் பாதிக்கு மேல் மெலிந்திருந்தால் கொல்லரிடம் கொண்டுபோங்கள்.

உரிமம் பெற்ற துப்பாக்கி

பயிர்க் காவலுக்கோ தற்காப்புக்கோ உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. துடைக்கத் தொடங்கும் முன் குண்டு நீக்கி, குழாயின் தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். குழாய் முனை எப்போதும் ஆளில்லாத பக்கம் நோக்கி இருக்க வேண்டும்.

முதலில் எந்த மருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள். குழாய் முனை வழியே கருமருந்து போட்டுச் சுடும் எம்.எல். (மசில் லோடர்) துப்பாக்கியில் எரிந்த பின் தங்கும் பொட்டாசியம் உப்புகள் ஈரத்தை வேகமாக இழுக்கும். சுட்ட அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள், சோப்புக் கரைத்த வெந்நீரால் குழாயைக் கழுவ வேண்டும். எண்ணெயால் துடைத்தால் அந்த உப்பு போகாது. மருந்தைப் பற்றவைக்கும் கேப்புகளில், பழைய வகையானால், குளோரேட் இருந்தால் அதன் மிச்சம் பொட்டாசியம் குளோரைடு. அதற்கும் தண்ணீர்தான் மருந்து. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாக்களுக்குத் தண்ணீர் தேவையில்லை, குழாய் துடைக்கும் கரைப்பானே (சால்வென்ட்) போதும்.

எஸ்.பி.பி.எல். (பின்பக்கம் தோட்டா போடும் ஒற்றைக் குழாய்), டி.பி.பி.எல். (அதே வகை இரட்டைக் குழாய்) என்று உரிமப் புத்தகத்தில் எழுதப்படும் 12 போர் துப்பாக்கிக்கு முறை இது:

1. முன்கட்டையைக் கழற்றிக் குழாயைப் பிரியுங்கள்.
2. கரைப்பானில் நனைத்த துணியை அறைப் பக்கத்திலிருந்து முனைப் பக்கமாகத் தள்ளுங்கள். பத்து நிமிடம் ஊறவிடுங்கள்.
3. 12 போர் அளவுள்ள வெண்கலப் பிரஷைப் பத்து முறை முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள். பிரஷைக் குழாயின் நடுவில் திருப்பாதீர்கள்.
4. வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள். பச்சைக் கறை வந்தால் அது பிரஷின் வெண்கலம், துருவல்ல. பழுப்பு வந்தால் துரு.
5. மெல்லிய எண்ணெய் தொட்ட துணியை ஒருமுறை ஓட்டுங்கள்.
6. வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். துடைத்த பின் வெறுங்கையால் குழாயைத் தொடாதீர்கள்.

நீலக்கறுப்புப் பூச்சு என்பது மெல்லிய கருந்துருப் படலம். அது மட்டுமே துருவைத் தடுத்துவிடும் என்று நினைப்பது தவறு. எண்ணெயைப் பிடித்து வைப்பதே அதன் பெரிய உதவி. அதன் மேல் செம்புள்ளி வந்தால் எண்ணெய் விட்டு, நான்கு சைபர் ஸ்டீல் வூலால் அழுத்தாமல் தேய்க்கலாம். உள்ளே குழிகள் தெரிந்தால் நீங்களே தேய்க்க வேண்டாம், சுடவும் வேண்டாம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

எண்ணெய் கூடுதலாகப் போனால் மெல்ல இறங்கிப் பின்கட்டை மரத்தில் ஊறி, மரத்தை மென்மையாக்கும். முனை கீழாக நிறுத்தி வைத்தால் அது நேராது. சுடும் முன் உலர்ந்த துணியை ஓட்டிக் குழாயில் எண்ணெய் இல்லாமல் செய்ய வேண்டும். குழாயில் தேங்கிய எண்ணெய் அழுத்தத்தை ஏற்றும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளின் அழுத்த அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் விடக் கூடாது. அழுத்தச் சூட்டில் அது தீப்பிடித்து வெடிக்கும், சீலும் கெடும்.

பஞ்சு வைத்த கேன்வாஸ் உறை பயணத்துக்கு மட்டும். அதிலேயே மாதக்கணக்கில் வைத்தால் உறை இழுத்த ஈரமெல்லாம் குழாய்க்குத்தான். தேர்தல் காலத்தில் காவல் நிலையத்திலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சொன்னால், வாரக்கணக்கில் யாரும் அதைத் துடைக்கப் போவதில்லை. ஒப்படைக்கும் முதல் நாள் மெழுகுக் களிம்பை வெளிப்புறம் முழுக்கப் பூசுங்கள், குழாய்க்குள் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக எண்ணெய் ஓட்டுங்கள். திரும்பி வந்த அன்றே பிரித்துத் துடையுங்கள்.

தூண்டிலும் மற்றச் சாமான்களும்

கடலில் நனைந்த தூண்டில் முள்ளை மற்ற முட்களோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒன்றின் உப்பு எல்லாவற்றையும் கெடுக்கும். ரீலை நல்ல தண்ணீரில் மெல்ல அலசுங்கள். பீய்ச்சியடித்தால் உப்பு உள்ளே போகும். பூட்டின் சாவித்துளைக்கு எண்ணெய் விடாமல் கிராஃபைட் பொடி தூவுங்கள். கூடார முளைகளைச் சேறு போகக் கழுவி, கூடாரத் துணியோடு சேர்க்காமல் தனிப் பையில் வையுங்கள்.

வைக்கும் இடம்

தரையில் சாய்த்து வைக்காமல், சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளி மரச்சட்டத்தில் மாட்டுங்கள். சிமெண்ட் தரையும் சுவரும் மழைக்காலத்தில் ஈரம் கசியும். கருவிகள் இருக்கும் அறையில் உர மூட்டை வேண்டாம். அடுப்புச் சாம்பலுக்குள் கத்தியைப் புதைத்து வைக்கும் பழக்கமும் வேண்டாம். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் ஈரத்தை இழுக்கும். தேய்க்கச் சாம்பல் நல்லது, தேய்த்ததும் கழுவிவிட வேண்டும். தோல் உறை எடுத்துச் செல்ல மட்டும். பதனிட்ட தோலில் தங்கும் உப்பும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்தால் உறைக்குள்ளேயே கத்தி அரிக்கும்.

மூடிய பெட்டியில் வைப்பதானால் சிலிக்கா ஜெல் போடுங்கள். சாதாரண டிரங்குப் பெட்டிக்கு 200 கிராம் போதும். பெட்டி நன்றாக மூடாவிட்டால் இரண்டே நாளில் அது நிறைந்துவிடும்; மூடியின் ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் ஈரம் நிறைந்தது என்று பொருள். 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் திரும்ப ஆரஞ்சாகும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும். அவற்றைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துத் துடைக்க ஆயுத பூஜையைவிட நல்ல நாள் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்னால் பெரும்பாலும் அது வந்துவிடுகிறது. பூஜையில் ஒரு சிறு கவனம் வேண்டும்: ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்த இடத்தில் மறுநாளே பொட்டு அளவில் துரு வட்டம் விழும். பூஜைக்கு முன் எண்ணெய் தடவி, பொட்டைக் காம்பில் வையுங்கள். இரும்பில்தான் வைக்க வேண்டும் என்றால், மறுநாள் கருவியை எடுக்கும்போது ஈரத்துணியால் பொட்டைத் துடைத்து, காயவைத்து, எண்ணெய் தொட்டு மாட்டுங்கள். எலுமிச்சம்பழச் சாறு பட்ட இடத்தையும் அப்போதே தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைப்பதும், தை பிறந்த பிறகு மாதம் ஒருமுறை துடைப்பதும் போதுமானது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருந்தால் ஆண்டு முழுவதும் வாரக் கணக்குத்தான்.